தேசிங்கு ராஜனும் முத்திரை குத்தும் மூளையும்

செஞ்சிக் கோட்டையைத் தேசிங்கு ராஜன் ஆண்டது ஓராண்டுகூட இல்லை. ஆனாலும் ராஜகிரி அடிவாரத்தில் இளநீர் விற்பவரிடமோ, பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்து வந்த ஆசிரியரிடமோ ‘இது யார் கோட்டை?’ என்று கேட்டால் அநேகமாக அவன் பெயர்தான் வரும். நூறாண்டுக்கு மேல் இங்கே இருந்து மதில்களையும் களஞ்சியங்களையும் எழுப்பிய நாயக்கர்களில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்றால் பேச்சு நின்றுவிடும். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்த பிமென்டா என்ற சேசு சபைப் பாதிரியார், கிருஷ்ணப்ப நாயக்கரின் ஊரைக் கண்டு வியந்து எழுதி வைத்திருக்கிறார். அந்த நாயக்கருக்குப் பாட்டும் இல்லை, படமும் இல்லை.

செஞ்சிக்காரர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. மனித ஞாபகம் எதை வைத்துக்கொள்ளும், எதைக் கழித்துவிடும் என்பதற்குச் சில விதிகள் உண்டு. தேசிங்கின் கதை அந்த விதிகளுக்கு ஏற்றபடி அமைந்துவிட்டது. இள வயது, எதிரே பெரும்படை, அடக்க முடியாத குதிரை, உயிர் கொடுக்கும் நண்பன், உடன்கட்டை ஏறும் ராணி. இதே விதிகள்தான் இன்று தொலைக்காட்சியிலும் திரையிலும் செய்தித்தாளிலும் சில மனிதர்களுக்கு முத்திரை குத்தும் வேலையையும் செய்கின்றன. அதனால் செஞ்சியிலிருந்தே தொடங்கலாம்.

நடந்தது இவ்வளவுதான். தேசிங்கின் இயற்பெயர் தேஜ் சிங். தந்தை சொரூப் சிங், புந்தேல ராஜபுத்திரர். ஔரங்கசீப் காலத்தில் செஞ்சிக்கு அனுப்பப்பட்ட முகலாய அதிகாரி. 1714-ல் அவர் இறந்ததும் மகன் வந்து கோட்டையை எடுத்துக்கொண்டான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான், பழைய பாக்கி எங்கே, பேரரசரின் புதிய சனது, அதாவது உரிமை ஆணை, எங்கே என்று கேட்டார். பேச்சு முறிந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் செஞ்சிக்குப் பக்கத்திலேயே நடந்த சண்டையில் சில நூறு வீரர்களோடு பாய்ந்த தேஜ் சிங் இறந்தான். வயது இருபத்திரண்டு. அவன் பக்கம் நின்று மடிந்தவர் மகமத் கான், பாட்டில் வரும் மோவுத்துக்காரன். நவாப் பக்கம் நின்றவர்களில் வெங்கடகிரி பங்காரு யாச்சம நாயக்கரும் ஒருவர். சி.எஸ். சீனிவாசாச்சாரியார் 1943-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடாக எழுதிய செஞ்சி வரலாற்றைப் புரட்டினால் இந்தச் சண்டை ஒரு ஜாகீர்த் தகராறாகத்தான் தெரியும். ‘இந்து ராஜா, முஸ்லிம் நவாப்’ என்று அதைப் பிரிக்கப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஆள் இடிக்கும்.

பாட்டில் இந்தச் சனதும் கணக்கும் நிற்கவில்லை. கப்பம் கேட்டான், கொடுக்க மாட்டேன் என்றான் என்பதோடு விவகாரம் முடிந்தது. 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்து ‘ராஜா தேசிங்கு’ படம் வந்தபோது, அதற்கு முந்தைய ஆண்டுதான் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வந்திருந்தது. வரி கேட்பவன் வில்லன், மறுப்பவன் வீரன் என்ற அச்சு ரசிகர் மனதில் சூடு ஆறாமல் இருந்த நேரம் அது.

அச்சு என்று சும்மா சொல்லவில்லை. கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃப்ரெடரிக் பார்ட்லெட் 1932-ல் வெளியிட்ட நூல் ஒன்றில் ஒரு பரிசோதனையை விவரிக்கிறார். வட அமெரிக்கப் பழங்குடிகளின் கதை ஒன்றை ஆங்கிலேய மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார். இரண்டு இளைஞர்கள் கடல்நாய் வேட்டைக்கு ஆற்றங்கரைக்குப் போகிறார்கள். ஓடத்தில் ஒரு போர்க்கூட்டம் வருகிறது. இருவரில் ஒருவன் அதனுடன் போகிறான், சண்டையில் அம்பு படுகிறது, ஆனால் வலிக்கவில்லை. வந்தவர்கள் ஆவிகள் என்று அவனுக்குத் தோன்றுகிறது. மறுநாள் சூரியன் உதிக்கும்போது அவன் வாயிலிருந்து கறுப்பாக ஏதோ வெளிவருகிறது, செத்துப்போகிறான். இதைப் படித்தவர் எழுதியதை அடுத்தவர் படித்து எழுத, அதை இன்னொருவர் படித்து எழுத, கதை கை மாறிக்கொண்டே போயிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாகிவிட்டது. ஓடம் படகாயிற்று. ஆவிகள் மெல்லக் காணாமல் போயின. எவரும் வேண்டுமென்று மாற்றவில்லை. புரியாத துண்டு உதிர்ந்தது, புரிந்த துண்டு அவரவர் ஊர்ச் சாயத்தை ஏற்றுக்கொண்டது. சுருங்கச் சுருங்கக் கதை வழவழப்பானது. கடைசியில் இருந்தவர் தனக்குக் கிடைத்ததுதான் முழுக்கதை என்று நம்பினார்.

நம் ஊரில் இதே பரிசோதனை முந்நூறு ஆண்டாக நடந்து வருகிறது. வாய்ப்பாட்டாக இருந்த தேசிங்கு கதை, சந்தையிலும் தேர்த்திருவிழாவிலும் விற்ற பெரிய எழுத்துப் புத்தகமாயிற்று, நாடகமாயிற்று, படமாயிற்று. இப்போது டிரோன் பறக்கும் யூடியூப் வீடியோவில் ஐந்து நிமிடக் கதையாகிவிட்டது. சிங்கவரம் குடைவரைக் கோயிலில் பள்ளிகொண்ட ரங்கநாதர் முகம் சற்றுத் திரும்பியிருக்கிறது. போருக்குப் போகாதே என்றார், தேசிங்கு கேட்கவில்லை, அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் குடைவரை பல்லவர் காலத்தது. சிலை செதுக்கிப் பல நூற்றாண்டு கழிந்து, தோற்றுப்போன ஒரு ராஜாவுக்காக அந்த முகத்துக்கு ஒரு காரணம் கிடைத்தது. முடிவு தெரிந்த பிறகு அறிகுறிகளைத் தேடிப் பிடிப்பதில் மூளைக்கு அப்படி ஒரு சாமர்த்தியம்.

ஊருக்கே முத்திரை குத்தும் வழக்கமும் புதிதில்லை. ஆங்கிலேயர் இதைக் ‘கிழக்கின் ட்ராய்’ என்றார்கள். நேரில் பார்த்த மலையைக் கண்ணால் அளப்பதைவிடப் படித்த காவியத்தால் அளப்பது அவர்களுக்குச் சுலபம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டிய இராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மகாராட்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். சிவாஜி பிடித்தது 1677, ராஜாராமிடமிருந்து முகலாயர் பிடித்தது 1698. இடைப்பட்ட இருபத்தோரு ஆண்டுதான் பட்டியலில் பெயராக நிற்கிறது. கோனார்கள், நாயக்கர்கள், பீஜப்பூர்க்காரர்கள், பிரெஞ்சுக்காரர்கள் எல்லோரும் அடைப்புக்குறிக்குள். பெருமை பெருமைதான், மறுக்கவில்லை.

தேசிங்கு கதையில் எனக்கு வியப்பாக இருப்பது வேறு. இத்தனை கை மாறியும், இத்தனை வழவழப்பாகியும் மோவுத்துக்காரன் உதிரவில்லை. அவன் முஸ்லிம். கல்யாணப் பந்தலில் இருக்கும்போது ஓலை வருகிறது, மாலையோடு எழுந்து நண்பனிடம் போகிறான், போரில் சாகிறான். பார்ட்லெட் விதிப்படி, கேட்பவர் மனதில் இடமில்லாத பாத்திரம் என்றால் இரண்டு தலைமுறையில் பெயர் மாறியிருக்கும், அல்லது எடுபிடியாகச் சுருங்கியிருக்கும். இவன் நின்றான் என்றால், கேட்டவர்களுக்கு இவன் தெரிந்த ஆளாக இருந்திருக்கிறான்.

தெரிந்த ஆள்தான். செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரியைப் பழைய செஞ்சி என்பார்கள். அங்கேயுள்ள திரௌபதி அம்மன் கோயிலை இந்த வழிபாட்டின் ஆதிக் கோயில் என்று சுற்று வட்டாரத்தில் சொல்வதுண்டு. ஆல்ஃப் ஹில்ட்பீட்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1988-ல் திரௌபதி வழிபாடு பற்றி எழுதிய பெருநூலின் முதல் தொகுதி இந்த மண்ணைச் சுற்றியே நடக்கிறது. திரௌபதி கோயில்களில் அம்மனுக்குக் காவலாக இருப்பவர்களில் போத்துராஜாவோடு முத்தால ராவுத்தரும் ஒருவர். முஸ்லிம் காவல் தெய்வம். அவருக்குச் சாராயமும் சுருட்டும் படைப்பதும் உண்டு, அதனால் இதை ஒரேயடியாக சமத்துவம் என்று கொண்டாட வேண்டாம். வாசலில் நிற்கும் முரட்டுக் காவலாள் என்பதும் ஒரு முத்திரைதான். ஆனாலும் குதிரை விற்க வந்த ராவுத்தர், படையில் இருந்த ராவுத்தர், பக்கத்துத் தெருவில் வீடு கட்டிக்கொண்ட ராவுத்தர் என்று பல முகம் பார்த்த சனங்களுக்கு, பாட்டில் வருபவன் ஒரு ரகமாக இல்லாமல் ஒரு ஆளாக இருக்க முடிந்தது.

இப்போது தொண்ணூறுகளுக்கு வருவோம். ‘ரோஜா’ வந்தது 1992-ல். அதன் பிறகு தமிழ்ப் படத்தில் தொழுகைக் காட்சி வந்தால் அடுத்து வெடிகுண்டு வரும் என்று ரசிகருக்கே மனப்பாடம் ஆகுமளவுக்கு ஒரு வரிசை வந்தது. 2012-ல் ‘துப்பாக்கி’யை எதிர்த்தும், 2013-ல் ‘விஸ்வரூப’த்தை எதிர்த்தும் முஸ்லிம் அமைப்புகள் போராடின. விஸ்வரூபத்துக்கு மாநில அரசு சில நாட்கள் தடையே போட்டது. படத்தைத் தடை செய்வது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ‘வெறும் கதைதானே, இதற்கென்ன இவ்வளவு கோபம்’ என்று அப்போது பலர் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு அறிவியலில் பதில் இருக்கிறது.

1960-களின் இறுதியில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கெர்ப்னர் என்பவர் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைக் கணக்கெடுக்கத் தொடங்கினார். யார் அடிக்கிறார், யார் அடிபடுகிறார், யாருக்கு என்ன வேலை என்று ஆண்டுக்கணக்கில் எண்ணினார். பிறகு பார்வையாளர்களிடம் உலகத்தைப் பற்றிக் கேட்டார். அதிகம் டிவி பார்ப்பவர்கள், உலகத்தில் வன்முறை உண்மையில் இருப்பதைவிட அதிகம் என்று நினைப்பதற்கான வாய்ப்பு கூடியிருந்தது. பின்னால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது இந்தத் தாக்கம் சிறியது என்று தெரிந்தது. சிறியது, ஆனால் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. ஒரு படம் யாரையும் மாற்றிவிடாது. இருபது ஆண்டு ஒரே மாதிரிப் படம் பார்த்தால் எது சகஜம் என்ற எண்ணம் மெல்ல நகரும். நேரடிப் பழக்கம் இல்லாத விஷயத்தில் அது கூடுதலாக நகரும். பக்கத்து வீட்டில் பாய் இருக்கிறவருக்கு ரோஜா ஒரு படம். சுற்றுவட்டாரத்தில் ஒரு முஸ்லிமும் இல்லாத ஊரில் வளர்ந்தவருக்கு அதுவே முதல் அறிமுகம்.

அந்த அறிமுகத்தோடு ஒருவர் அலுவலக நாற்காலியில் உட்காரும்போது என்ன ஆகிறது? சுக்தேவ் தோரட், பால் அட்டிவெல் இருவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்குப் போலி விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். ஒரே தகுதி, ஒரே அனுபவம். பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் நேர்முகத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. இதற்கு சினிமாதான் காரணம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். பெயரைப் பார்த்த மாத்திரத்தில் அந்த மேசையில் ஏதோ ஒரு பிம்பம் எழுந்து உட்கார்ந்திருக்கிறது. அது எங்கெங்கிருந்தோ சேர்ந்தது.

பிம்பம் சேரும் வழியில் செய்தித்தாளுக்குத் தனிப் பங்கு உண்டு. அங்கே பொய்யே சொல்ல வேண்டாம், உண்மையை மட்டும் அச்சடித்தாலும் முத்திரை விழும். இதைக் காட்டிய பரிசோதனை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதில் மதமும் இல்லை, சாதியும் இல்லை, பள்ளிக் கணக்கு மட்டும்தான். டேவிட் ஹாமில்டன், ராபர்ட் கிஃபோர்ட் என்ற இரு உளவியலாளர்கள் 1976-ல் வெளியிட்டது. 39 வாக்கியங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார்கள். ‘ஏ குழுவைச் சேர்ந்த ஜான், மருத்துவமனையில் இருக்கும் நண்பரைப் பார்க்கப் போனார்’ என்கிற மாதிரி. ஏ குழுவைப் பற்றி 26 வாக்கியம்: 18 நல்லது, 8 கெட்டது. பி குழுவைப் பற்றி 13 வாக்கியம்: 9 நல்லது, 4 கெட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டு குழுவிலும் ஒன்பதுக்கு நான்கு, அதே விகிதம். இரண்டு குழுவும் ஒரே அளவு நல்லது, ஒரே அளவு கெட்டது. பிறகு கெட்ட செயல்களைக் காட்டி, இதைச் செய்தது எந்தக் குழு என்று கேட்டார்கள். கெட்ட செயல்களில் மூன்றில் ஒரு பங்குதான் பி குழுவினுடையது. ஆனால் சுமார் பாதியைப் பி தலையில் கட்டினார்கள்.

காரணம் எளிது. பி குழுவின் பெயர் அரிதாகக் கண்ணில் படுகிறது. கெட்ட செயலும் அரிதுதான். இரண்டு அரிதும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்தால் அந்த வாக்கியம் மனதில் துருத்திக்கொண்டு நிற்கிறது. பின்னால் யோசிக்கும்போது அதுதான் முதலில் கைக்கு வருகிறது. எளிதில் கைக்கு வருவதை அடிக்கடி நடப்பதாக நினைத்துக்கொள்வது மூளையின் பழக்கம்.

இனி ஏ, பி என்ற எழுத்தை எடுத்துவிட்டு விழுப்புரம் மாவட்டத்து மாலைப் பதிப்பை வைத்துப் பார்க்கலாம். பெரும்பான்மைச் சாதிக்காரர் ஒருவர் மோட்டார் திருடினால் ‘வாலிபர் கைது’. இருளரோ நரிக்குறவரோ பிடிபட்டால் அந்தப் பெயர் தலைப்பிலேயே ஏறிவிடும். அவர்கள் நல்லது செய்த செய்தி பேப்பரில் வருவதே அபூர்வம் என்பதால், பரிசோதனையில் பி குழுவுக்கு இருந்த ஒன்பது நல்ல வாக்கியம்கூட இவர்களுக்குக் கிடையாது. சாதி அடையாளம் இழிவு சேர்க்கும் இடங்களில் அதைக் குறிப்பிடுவதைத் தவிர்க்க வேண்டும் என்று இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறையிலேயே இருக்கிறது. அந்த நெறிமுறையை எழுதியவர்களுக்கு 1976 பரிசோதனை தெரியுமோ தெரியாதோ, அரிதும் அரிதும் சேரும் முடிச்சை அவிழ்க்கும் வழி அதுதான்.

பேப்பருக்கு முன்பே அரசு இந்த வேலையைச் சட்டம் போட்டுச் செய்திருக்கிறது. 1871-ல் வந்த குற்றப் பழங்குடிச் சட்டம் 1911 வாக்கில் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. குறவர் உட்படப் பல சமூகத்தாரைப் பிறவியிலேயே குற்றவாளி என்று பதிவேட்டில் எழுதியது. மாகாணத்தில் 1947-ல் அது போயிற்று. பதிவேடு போனது, பதிவேட்டைப் பார்த்த கண்ணோட்டம் போகவில்லை. ஊரில் திருட்டு என்றால் முதலில் இருளர் குடியிருப்புக்கு ஜீப் வருவது இந்த மாவட்டத்தில் பழங்கதை இல்லை. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பல்லாண்டாக இதற்காகவே காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு சிக்கல் எழும். பழக்கம் இருந்தால் முத்திரை விழாது என்றால், இருளர்கள் செஞ்சியைச் சுற்றியே காலங்காலமாக இருக்கிறார்களே? ரைஸ்மில்லில், செங்கல் சூளையில், கரும்பு வெட்டில் அவர்கள் இல்லாத இடம் ஏது? கோர்டன் ஆல்போர்ட் 1954-லேயே இதற்கு விடை எழுதியிருக்கிறார். இரண்டு சமூகம் அருகருகே இருந்தால் மட்டும் போதாது. சமமான நிலையில், பொதுவான ஒரு வேலைக்காகச் சந்திக்க வேண்டும். முன்பணம் கொடுத்த முதலாளியும் குடும்பத்தோடு சூளையில் அடைந்து கிடப்பவரும் தினமும் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பார்வையில் பழக்கம் வளராது, முத்திரை ஆழமாகும். தேசிங்கும் மோவுத்துக்காரனும் ஒரே களத்தில் நின்றார்கள். அதே மலை அடிவாரத்து இருளருக்குப் பாட்டில் இடமே இல்லை.

முத்திரை குத்தப்பட்டவர் உள்ளே என்ன நடக்கிறது? உலக வங்கியைச் சேர்ந்த கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்குக் காகிதத்தில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சரியாகப் போட்ட ஒவ்வொரு புதிருக்கும் காசு. யார் என்ன சாதி என்று சொல்லாதபோது தலித் பையன்களும் உயர்சாதிப் பையன்களும் ஒரே அளவுக்குப் போட்டார்கள். அடுத்த தடவை, புதிர் தொடங்கும் முன் ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் சாதியையும் சபையில் உரக்க வாசித்தார்கள். அவ்வளவுதான். தலித் பையன்களின் எண்ணிக்கை கணிசமாகச் சரிந்தது. அதே பையன், அதே பென்சில், அதே புதிர்.

பெண்களுக்குக் கணக்கு வராது என்று நினைவூட்டினால் அவர்கள் மதிப்பெண் குறையும் என்று சொல்லும் மேற்கத்திய ஆய்வு வரிசையும் இதைப் போன்றதே, 1990-களில் வெகு பிரபலம். ஆனால் 2018-ல் வெளியான ஆய்வு ஒன்றில், நெதர்லாந்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் செய்து பார்த்தபோது அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகவே ஒரு சொல்லைக் கேட்டதும் மூளை முடங்கிவிடும் என்று மேடையில் முழங்கக் கூடாது. ஹாஃப்–பாண்டே பரிசோதனையில் இன்னொன்றும் இருந்திருக்கலாம். சாதி வெளியே தெரிந்ததும், எவ்வளவு போட்டாலும் நமக்குக் கிடைக்காது என்று பையன் கணித்திருக்கலாம். அப்படியானால் அது மனத்தளர்ச்சி இல்லை, ஊரைப் பற்றிய சரியான கணிப்பு.

ரீமா ஹன்னா, லீ லிண்டன் 2012-ல் வெளியிட்ட இந்திய ஆய்வு இன்னும் சங்கடமானது. விடைத்தாள்களின் மேல் இஷ்டத்துக்குச் சாதிப் பெயரை மாற்றி மாற்றி எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதி என்று குறித்த தாள்களுக்குச் சற்றே குறைவான மதிப்பெண் விழுந்தது. அதிகம் குறைத்தவர்கள் யார் என்று பார்த்தால், தாங்களே அந்தச் சாதிகளிலிருந்து வந்த ஆசிரியர்கள். முத்திரையைக் குத்துகிறவன் ஒருவன், வாங்குகிறவன் ஒருவன் என்று பிரித்துப் பேசுவது வசதி. படம் எல்லா வீட்டிலும்தான் ஓடுகிறது.

ராணியை மறந்துவிட்டோம். செஞ்சியில் செட்டிகுளத்தின் கரையில் ஒரு மேடை இருக்கிறது. தேசிங்கை எரித்ததும் ராணி தீயில் இறங்கியதும் அங்கேதான் என்று காட்டுவார்கள். அவள் நினைவாக ராணிப்பேட்டை என்று நவாபே பெயர் வைத்ததாகச் சொல்வார்கள். செஞ்சி வரலாற்றில் ஊர் வாய் அறிந்த ஒரே பெண் அநேகமாக இவள்தான், அறிந்ததும் அவள் செத்த விதத்தால்தான். நம் சினிமாவும் சீரியலும் இந்த அச்சை அதிகம் மாற்றவில்லை. அழுகிற மருமகள், விஷம் கலக்கிற மாமியார்.

ஆனால் இதே சீரியல் விஷயத்தில் ஆய்வு முடிவு நம் எதிர்பார்ப்பைக் கவிழ்க்கிறது. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் இருவரும் 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலப் பகுதிகளின் கிராமங்களில் எடுத்த கணக்கை அலசினார்கள். கேபிள் டிவி புதிதாக வந்த கிராமங்களில், கணவன் மனைவியை அடிப்பது சரியே என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள். ஆண்பிள்ளைதான் வேண்டும் என்பவர்களும் குறைந்தார்கள். அந்தச் சீரியல்களில் பெண் அழுதுகொண்டுதான் இருந்தாள். ஆனால் அழுதவள் நகரத்தில் இருந்தாள், வேலைக்குப் போனாள், தனியாக பஸ் ஏறினாள். கதாசிரியர் கொடுத்த பாடத்தை விட்டுவிட்டு, பின்னணியில் தெரிந்த வாழ்க்கையைக் கிராமத்துப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. சர்வேயில் சொல்வது ஒன்று, வீட்டில் நடப்பது ஒன்றாக இருக்கலாம். ஆனாலும் எதைச் சொன்னால் நாலு பேர் ஏற்பார்கள் என்ற எண்ணமாவது மாறியிருக்கிறது.

அந்த ‘நாலு பேர்’ முக்கியம். 1994 இனப்படுகொலைக்குப் பிறகு ருவாண்டாவில் சமூகப் பகையைத் தணிக்க ஒரு வானொலி நாடகம் ஒலிபரப்பினார்கள். எலிசபெத் பாலக் என்ற உளவியலாளர் ஓராண்டு அதைக் கேட்டவர்களை ஆராய்ந்து 2009-ல் எழுதினார். கேட்டவர்களின் சொந்த நம்பிக்கை பெரிதாக அசையவில்லை. ஊரில் மற்றவர்கள் எதைச் சரி என்று நினைக்கிறார்கள் என்ற கணிப்பு அசைந்தது, அதோடு நடத்தையும் கொஞ்சம் மாறியது. ஊடகம் நம் மனசுக்குள் புகுந்து எதையும் எழுதுவதைவிட, ஊர் என்ன நினைக்கிறது என்று நமக்குத் தெரிவிப்பதில் கெட்டி. ஒரு சமூகத்தைக் கேலி செய்யும் காட்சிக்குத் தியேட்டரே சிரிக்கும்போது, சிரிக்காதவரும் ‘இதற்குச் சிரிக்கலாம் போல’ என்று கற்றுக்கொள்கிறார்.

நல்ல முத்திரை குத்தினால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. 2023-ல் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் ஃப்ளோரிடா வரை போய் வந்தவர்கள். மகிழ்ச்சியான செய்தி. ஆனால் அதற்குப் பிறகும் இருளர் என்றால் பாம்பு, அல்லது எலி, அல்லது போலீஸ் ஸ்டேஷன் என்ற மூன்று கதைதான் ஊடகத்துக்குத் தெரிகிறது. நர்சிங் படிக்கும் இருளர் பெண் ஒருத்தி டிவியில் வந்தால், ‘பாம்பு பிடிக்கும் சமூகத்திலிருந்து’ என்று ஆரம்பிக்காமல் நிருபருக்கு வாய் வராது.

2021-ல் வந்த ‘ஜெய் பீம்’ படம் இந்த விஷயத்தில் பெரிய காரியம் செய்தது. சிறையிலிருந்து வெளியே வருபவர்களைச் சாதி கேட்டுப் பிரித்து, இருளர், குறவர் போன்றவர்களை மட்டும் மறுபடி வண்டியில் ஏற்றும் அந்த முதல் காட்சி, மேலே சொன்ன அத்தனை ஆய்வையும் சில நிமிடத்தில் காட்டிவிடுகிறது. 1993-ல் நடந்த உண்மை வழக்கில் இறந்தவர் குறவர் சமூகத்தவர், படம் அவரை இருளராக மாற்றியது. அதைக் குறை சொன்னவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. பெரிய சண்டை வேறிடத்தில் வெடித்தது. கொடுமைக்காரப் போலீஸ் அதிகாரியின் வீட்டுச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் அக்கினிச் சட்டி இருந்தது, அது வன்னியர் அடையாளம், எங்கள் சமூகத்துக்கு முத்திரை குத்துகிறார்கள் என்று எதிர்ப்பு எழுந்தது. ஃபிரேமின் ஓரத்தில் சில நொடி தெரிந்த காகிதம். அவர்கள் சொன்னது அறிவியல்படி தப்பில்லை, பிம்பம் இப்படித்தான் ஓரத்திலிருந்தே சேர்கிறது. சில நாளில் படத்தில் அந்த நாட்காட்டியை மாற்றிவிட்டார்கள்.

நாட்காட்டி மாறியது, பழைய பாட்டு மாறவில்லை. ‘ஒளி விளக்கு’ படம் வந்தது 1968-ல். அதில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் நரிக்குறவர் வேடம் கட்டி ஆடும் பாட்டை இன்றும் டிவியில் போடுகிறார்கள். பள்ளி ஆண்டுவிழாக்களில் பிள்ளைகள் அதே வேடத்தில் ஊசிமணி பாசிமணியோடு இன்றும் ஆடுகிறார்கள். நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில். அந்தச் சமூகத்துப் பிள்ளை ஒன்று அதே ஆண்டுவிழாவில் கூட்டத்தோடு உட்கார்ந்து மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது எந்தப் பாட்டுக்குக் கை தட்டும் என்று எவரும் இதுவரை ஆராய்ச்சி செய்யவில்லை.